வெளிச்சம் இறங்கும் படிகள்

தம்பி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்டுகிறான். அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து அவன் செல்போனில் ஒரே படம்தான். கூடத்தின் நடுவே அந்தரத்தில் நிற்பதுபோலக் கண்ணாடிப் படிகள். அம்மாவிடம் காட்டினான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் உற்றுப் பார்த்த அம்மா, "இது மேல நான் காலு வெக்க மாட்டேன் சாமி. எனக்குக் கீழயே ஒரு ரூம் போட்டுக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கும் அப்போது அம்மா பக்கம்தான் மனசு. கோவையில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் மாடிப்படிக்குத் தடுப்பாக நிறுத்தியிருந்த கண்ணாடி ஒரு நடுநிசியில், யாரும் தொடாமலே, வெடிச்சத்தத்தோடு உதிர்ந்தது. காலையில் நான் போய்ப் பார்த்தபோது படியெங்கும் கல்கண்டு கொட்டியதுபோலக் கிடந்தது. அந்த வீட்டுக் குழந்தைகள் ஒரு மாதம் மாடிக்கே போகவில்லை. ஆனாலும் தம்பியின் ஆசையை ஒரேயடியாகத் தட்டிவிட மனம் வரவில்லை. "நாலு இடம் நேர்ல பாத்துட்டு வரலாம், அப்புறம் முடிவு பண்ணு" என்றேன். புரட்டாசிக் கடைசியில் மூன்று நாள் வாய்த்தது.

பாலக்காட்டில் தொடங்கி இடுக்கி மாவட்டத்து வாகமண் வரை போவதாகத் திட்டம். இந்த இரண்டு மாவட்டங்களும் கேரளத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று தொடுவதில்லை. மலையோரமாகவே போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை கடந்து, சின்னாறு சோதனைச்சாவடி வழியாக மறுபடியும் கேரளத்துக்குள் ஏற வேண்டும். வழிநெடுகத் தமிழும் மலையாளமும் கலந்தே காதில் விழும்.

முதலில் கல்பாத்தி. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று சொல்லும் அந்த விஸ்வநாதசுவாமி கோயிலுக்குத் தெருவிலிருந்து படியிறங்கித்தான் போக வேண்டும். கோயில் பள்ளத்தில் இருப்பதால் குண்டம்பலம் என்றும் சொல்கிறார்கள். நவம்பர்த் தேருக்கான பேச்சு அதற்குள் திண்ணைகளில் தொடங்கியிருந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் பழைய கல்பாத்தியில் ஒரு வீட்டுக்குள் போனோம்.

அக்ரஹார வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. வெளிச்சம் வாசலில் இருந்து வரவேண்டும், கொல்லையில் இருந்து வரவேண்டும், இல்லையென்றால் கூரையில் இருந்து வரவேண்டும். திண்ணை, ரேழி தாண்டிக் கூடத்துக்குள் போனதும் கண் இருட்டியது. மூலையில் மச்சுக்கு ஏறும் மரப்படி. மலையாளத்தில் ஏணிக்கும் மாடிப்படிக்கும் கோணி என்று ஒரே சொல். அந்தப் படியைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஏணியைச் சற்றே சாய்த்துப் பலகை தைத்தது போலத்தான் இருந்தது. படியின் அகலம் என் பாதத்தில் முக்கால்வாசி. மேலிருந்து ஒரு வடக்கயிறு தொங்கியது, பிடித்துப் பிடித்து மெழுகு பூசியதுபோலக் கறுத்து வழவழவென்றிருந்தது.

வீட்டுப் பெரியவர் கீழே நின்று, "கயத்த விடப்படாது, கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு படி ஏறியதும் என் கைமேல் வெளிச்சம் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். சரியாகப் படிக்கு மேலே, ஓட்டு வரிசையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. சுற்றிலும் இருந்த களிமண் ஓடுகளின் அதே அளவு, அதே வளைவு. கூடம் முழுக்க இருட்டாக இருக்க, காலை எடுத்து வைக்கும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெயில். பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு இந்தக் கரையோரமெங்கும் சீமை ஓடு பரவியது. கூரையில் ஒரு ஓட்டை உருவிவிட்டுக் கண்ணாடி ஓட்டைச் செருகும் வசதி அதனோடு வந்தது. அதை எங்கே செருக வேண்டும் என்று முடிவு செய்தவர் இந்த வீட்டில் தினமும் நெல்லோ வடாமோ சுமந்துகொண்டு மச்சுக்கு ஏறியவராகத்தான் இருக்க வேண்டும். படிக்குக் கண்ணாடி வேண்டும் என்ற எண்ணம் தம்பியின் செல்போனில் பிறந்ததில்லை என்று எனக்கு அங்கேதான் பட்டது.

அங்கிருந்து வாளையார் சாலையில் கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிப் பட்டறைக்குப் போனோம். தம்பியின் பொறியாளர் சொல்லிவைத்திருந்தார். பாலக்காட்டுக் கணவாயின் காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே வேலை செய்பவர்கள் பாதிப்பேர் தமிழ் பேசுகிறார்கள். மேஸ்திரி பொள்ளாச்சிக்காரர்.

படிக்கட்டுக் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. உருகி மின்னும் வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் உலகுக்கு அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000-த்தில் ஓடத் தொடங்கியது. அலையில்லாத பெரிய கண்ணாடி நம் ஊர் வீடுகளில் இத்தனை சாதாரணமாகப் புழங்குவது இந்தக் கால் நூற்றாண்டில்தான்.

"மொதல்ல வெட்டு, ஓரம் தேய்ப்பு, ஓட்டை, எல்லாம் முடிஞ்சுரணுமுங்க. அடுப்புக்குள்ள போயிட்டு வந்தா அப்புறம் ஒரு நூல்கூடக் குறைக்க முடியாது" என்றார் மேஸ்திரி. அடுப்பு ஏறக்குறைய ஒரு லாரியின் நீளம். உருளைகள்மேல் உள்ளே போகும் கண்ணாடி 600 டிகிரிக்கு மேல் சூடாகி, வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் காற்று பீறிட்டு அடிக்கிறது. மேற்பரப்பு சட்டென்று இறுகிக்கொள்கிறது. உள்ளே இருப்பது மெல்ல ஆறும்போது மேற்பரப்பை உள்ளுக்கு இழுத்து அமுக்கி வைக்கிறது. அந்த அமுக்கம்தான் பலம். இதுதான் டஃபன்ட் கிளாஸ். சாதாரணக் கண்ணாடியைப் போல நாலைந்து மடங்கு தாங்கும். ஆனால் எங்காவது ஓர் இடத்தில் அந்த இறுக்கம் விட்டால் மொத்தமும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகிவிடும்.

கோவைச் சம்பவத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நிக்கல் சல்ஃபைடு துகள் மாட்டியிருந்தால், அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லப் பருத்து ஒருநாள் அந்த இறுக்கத்தை உடைத்துவிடுமாம். அதற்காகத்தான் டஃபன்ட் கண்ணாடியை மறுபடியும் 290 டிகிரி வரை சூடேற்றிச் சோதிக்கும் முறை இருக்கிறது. உடைய வேண்டியது பட்டறையிலேயே உடைந்துவிடும். "கேட்டு வாங்கணுமுங்க. கேக்காதவங்களுக்கு யாரும் செஞ்சு குடுக்க மாட்டாங்க."

பிறகு அவர் காட்டியதுதான் நாங்கள் பார்க்க வந்தது. படிக்குப் போடுவது ஒற்றைக் கண்ணாடி இல்லை. 12 மில்லிமீட்டரில் மூன்று, நடுவே பிசின் போன்ற இரண்டு தாள்கள். அடுக்கி, ஆட்டோகிளேவ் என்ற இரும்பு உருளைக்குள் தள்ளி, சுமார் 140 டிகிரி வெப்பத்திலும் காற்றழுத்தத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அழுத்தத்திலும் வைத்து ஒன்றாக்குகிறார்கள். தாளில் பி.வி.பி., எஸ்.ஜி.பி. என்று இரண்டு வகை. இரண்டாவது விறைப்பு அதிகம், விலையும் அதிகம். பட்டறை மூலையில் இரண்டு செங்கல் வரிசைமேல் ஒரு படித்துண்டு கிடந்தது. அதன் மேலடுக்கு முழுக்க உடைந்து, சிலந்தி வலைபோலப் பூத்திருந்தது. "ஏறி நில்லுங்க" என்றார். தயங்கினேன். அவர் ஏறினார், தம்பி ஏறினான், நானும் ஏறினேன். மூன்று பேர் எடை. அடியில் ஒரு கறகறப்புகூட இல்லை. கோவையில் உதிர்ந்த தடுப்பு ஒற்றைக் கண்ணாடி. அதே பொருள்தான், ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டாவது ஆள் இல்லை.

நாலடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு படி 33 கிலோ வரும். மெல்லியதாகத் தெரிகிற இந்தப் படிக்கட்டைத் தாங்க இரும்பு எவ்வளவு வேண்டும் என்பதைத் தம்பி அங்கேதான் கணக்குப் போட்டான்.

மறுநாள் விடியற்காலையில் உடுமலையைத் தாண்டினோம். சின்னாறு மழை மறைவுப் பகுதி, முள்மரங்களும் வறண்ட பாறையும். மறையூர் வந்ததும் கரும்பு வயலும் சந்தனக் காடும். அதற்கு மேல் தேயிலை. மூணாற்றில் நிற்கவில்லை. தேவிகுளம், பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலக்காட்டுக்குள் வண்டி இறங்கியபோது பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

இந்தப் பக்கத்து வீடுகளில் நான் முன்பு கவனிக்காத ஒன்றைத் தம்பி காட்டினான். சாலையிலிருந்து பார்த்தால் ஒற்றை மாடி வீடு. எட்டிப் பார்த்தால் கீழே இன்னும் இரண்டு மாடி. சரிவில் மண்ணைக் குடைந்து கட்டியதால் வாசல் உச்சியில் இருக்கிறது, அடுக்களையும் படுக்கையறையும் கீழே இருக்கின்றன. சமவெளியில் மாடிப்படி ஏறுவதற்கு. இங்கே அது வீட்டுக்குள் இறங்குவதற்கு. கீழ்மாடியின் ஒரு பக்கம் முழுவதும் மண்ணை ஒட்டிய சுவர். பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் ஜன்னல். வீட்டின் வயிற்றுப் பகுதி மழைக்காலத்தில் எப்போதும் இருட்டு, எப்போதும் ஓதம்.

நெடுங்கண்டத்துக்கு அப்பால் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் வீடு. அவர் தாத்தா கம்பத்திலிருந்து மலையேறி வந்தவர். புற்றடி ஏலக்காய் ஏல மையத்தில் தம்பியின் நண்பருக்குப் பழக்கமானவர், அப்படித்தான் அழைப்புக் கிடைத்தது. கதவைத் திறந்ததும் எதிரே படிக்கட்டு, கால்களுக்குக் கீழே இரண்டு மாடி ஆழத்துக்கு. ஆனால் நான் எதிர்பார்த்த தலைசுற்றல் வரவில்லை. படிகள் கண்ணாடிதான், ஊடுருவித் தெரியவில்லை. நடுத்தாள் பால்வெள்ளை. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் ஒவ்வொரு படியிலும் நின்று, வழிந்து, அடுத்த படிக்கு இறங்கியது. மரப்படியாக இருந்திருந்தால் மேல்மாடியிலேயே தங்கியிருக்கும் வெளிச்சம் அது. கீழ்த்தளத்து அடுக்களையில், மண்ணை ஒட்டிய சுவர் மூலையில், பட்டப்பகலில் விளக்கில்லாமல் ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கல்பாத்தியின் கண்ணாடி ஓடு என் கண்முன் வந்தது. அங்கே காலுக்கு வெளிச்சம் காட்டிய அதே யோசனை, இங்கே படியையே விளக்காக்கியிருந்தது.

தோட்டக்காரரின் தாயாருக்கு எண்பது இருக்கும். கண்புரை அறுவை செய்தவர். "பயப்படாம இறங்குங்கய்யா" என்று எங்களுக்கு முன்னால் அவர் இறங்கினார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கரும்பழுப்புக் கோடு. அந்தக் கோட்டைத் தொட்டுத்தான் அவர் காலை வைக்கிறார். கண்ணாடிக்கு விளிம்பு தெரியாது, வயதான கண்ணுக்கு அதுதான் ஆபத்து. கோட்டை அடுத்துச் சொரசொரப்பான புள்ளி வரிசைகள், கண்ணாடியோடு சேர்த்தே சுட்டவை. காலையில் மூடுபனி வீட்டுக்குள் வரும் ஊரில் மழமழப்பான படி உதவாது. அவர் கை பிடித்திருந்தது கண்ணாடியை இல்லை, பலாமரக் கைப்பிடியை. கண்ணாடியும் எவர்சில்வர் குழாயும் இந்தக் குளிரில் சில்லிட்டுக் கிடக்கும், மரம் கைக்கு இதம். படிகளுக்கு இடையிலான இடைவெளியையும் பாதிக்குமேல் மறைத்திருந்தார்கள். 10 செண்டிமீட்டர் உருண்டை நுழையும் சந்து இருக்கக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. தவழும் குழந்தையின் தலைக்கான கணக்கு அது. வெள்ளைத் தாள் ஒளிக்காக மட்டும் வைத்ததும் இல்லை. "பொம்பளைக ஏறி இறங்குற படி. கண்ணாடி மாதிரி தெரிஞ்சா எப்படி?" என்று அந்தத் தாயார் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. பத்திரிகைகளில் வரும் ஊடுருவும் படிக்கட்டுகளை வரைந்தவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டதாகவே தெரியவில்லை.

மேலே ஏறும்போது அந்தத் தாயாரின் வாய் படிக்கொன்றாக முணுமுணுத்தது. லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம். கடைசிப் படி லாபத்தில் முடிந்தது. கொத்தனார் எண்ணியதை அவர் இன்னும் எண்ணுகிறார்.

நான் கடைகளிலும் படங்களிலும் பார்த்தவை நினைவுக்கு வந்தன. 1980-களின் கடைசியில் லண்டனில் ஜோசப் துணிக்கடைக்குக் கட்டடக் கலைஞர் ஏவா யிர்ஷிச்னா கம்பியும் கண்ணாடியுமாகக் கட்டிய படிக்கட்டுதான் இந்த மோகத்தைத் தொடங்கிவைத்தவற்றில் ஒன்று. 2002-ல் நியூயார்க்கின் சோஹோ ஆப்பிள் கடையில் முழுக்கக் கண்ணாடிப் படிக்கட்டு வந்தது. ஆப்பிளின் கண்ணாடிப் படிக்கட்டு வடிவமைப்புக் காப்புரிமையில் ஸ்டீவ் ஜாப்ஸின் பெயரும் உண்டு. அவை கடைகள். வருபவரை மேலே இழுப்பது அங்கே படியின் வேலை. வீட்டுப் படிக்கு வேலை வேறு. நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவரை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தவரை, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவரை அது யோசிக்கவிடாமல் இறக்க வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் அகலம் 250-க்குக் குறையக்கூடாது என்கிறது. கண்ணாடியானாலும் கருங்கல்லானாலும் இந்தக் கணக்கு மாறாது.

கிளம்பும்போது தோட்டக்காரர் கீழ்த்தளச் சாமான் அறையைத் திறந்து காட்டினார். ஏலக்காய்ச் சாக்கு சுற்றி, மரச்சட்டத்தில் சாய்த்து வைத்த ஒரு படி. 2018 ஆகஸ்ட் மழையை அவர் சொன்னார். 26 ஆண்டுகளுக்குப் பிறகு செறுதோணி அணையின் மதகுகள் திறந்த மாதம் அது. இடுக்கியெங்கும் மண் சரிந்து சாலைகள் அறுந்து கிடந்தன. கீழ்த்தளத்துச் சாமான்களை அவசரமாக மேலே ஏற்றும்போது அம்மிக்குழவி ஒன்று கை நழுவி ஏழாவது படியில் விழுந்தது. மேலடுக்கு உடைந்தது, படி நின்றது. அதன்மேல் பலகை போட்டுத்தான் அந்த மழை முழுக்கக் குடும்பமே ஏறி இறங்கியது. மாற்றுப் படிக்கு அளவு அனுப்பி, அறுத்து, துளையிட்டு, சுட்டு, ஒட்டி, வண்டி மலையேறி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அப்போது ஒன்றுக்கு இரண்டாகச் செய்யச் சொன்னாராம்.

மூன்றாம் நாள் வாகமண். கோலாகலமேட்டில் 2023 செப்டம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் மலை விளிம்பிலிருந்து 40 மீட்டர் வெற்றுவெளிக்குள் நீள்கிறது, மறுமுனையில் தூண் இல்லாமல். கட்டிய செலவு 3 கோடி ரூபாய். 2024 மழைக்காலத்தில் பாதுகாப்புக் கருதி மூடி, கோழிக்கோடு என்.ஐ.டி. ஆய்வுக்குப் பிறகே மறுபடியும் திறந்தார்கள். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஒரு நேரத்தில் சில பேரை மட்டுமே விடுகிறார்கள். காலுக்குக் கீழே பச்சைப் பள்ளத்தாக்கு, மேகம் ஒன்று எங்கள் பாதத்துக்கு அடியில் நகர்ந்தது. என் முன்னால் போன மதுரைக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கணவர் சட்டையைப் பிடித்தபடி நடந்து, முனையில் கண்ணைத் திறந்து கைதட்டினார். அருமையான இடம். அந்தப் படபடப்புக்காகவே போகலாம். ஆனால் அந்தப் படபடப்பு வீட்டுக்குள் வேண்டாம் என்று தம்பியே சொன்னான், நான் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் அவன் வரைபடத்தைத் திருத்தினான். மூன்றடுக்குக் கண்ணாடி, வெள்ளைத் தாள், விளிம்புக் கோடு, மரக் கைப்பிடி. படிக்கு நேர்மேலே கூரையில் கண்ணாடி. அம்மாவுக்குக் கீழே அறை, அது அப்படியே இருக்கிறது. கஞ்சிக்கோட்டில் ஒரு மாதிரிப் படி செய்து வாங்கி வந்து திண்ணையில் வைத்தான். இரண்டு நாள் அம்மா அதைச் சுற்றிப் போனார். மூன்றாம் நாள் காலை கோலம் போட்டுவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், தூணைப் பிடித்தார், ஒரு காலை அந்தக் கோட்டில் வைத்து அழுத்திப் பார்த்தார், பிறகு மறுகாலையும் வைத்தார். "சில்லுன்னு இருக்குது. வழுக்கல" என்றார்.

வீட்டில் கண்ணாடிப் படி வைக்க நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றே எழுதுகிறேன். எத்தனை அடுக்கு, நடுவில் என்ன தாள், சூட்டுச் சோதனை செய்தார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டிலேயே வயதில் மூத்தவரை மாதிரிப் படியில் ஒருமுறை நிற்க வைத்துவிட்டுப் பணம் கொடுங்கள். சுட்ட பிறகு அறுக்க முடியாத பொருள் என்பதால், அளவு கொடுக்கும்போதே ஒரு படியைக் கூடுதலாகச் செய்யச் சொல்லி, பழைய போர்வை சுற்றி, மரச்சட்டத்தில் சாய்த்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.